மருதோன்றியும் கூலியும்

பிழைப்பை நாடி வெளியூர் வந்து குடியேறிய குடும்பங்களில் வழக்கங்கள் இருவகையாக மாறுகின்றன. சில நம்மை விட்டு நழுவிப் போகின்றன. சில அண்டை அயலாரிடமிருந்து வந்து நம்முடன் ஒட்டிக்கொள்கின்றன. பெங்களூர்த் தமிழர் திருமணங்களில் முகூர்த்தத்திற்கு இரண்டொரு நாள் முன்னர் இப்பொழுது நடைபெறும் மருதோன்றி விழா இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

மருதோன்றி நமக்குப் புதியதன்று. ஆடி மாதத்தில் கொல்லைச் செடியின் இலையை உருவி, கொட்டைப்பாக்கும் எலுமிச்சைச் சாறும் கூட்டி அம்மியில் அரைத்து, விரல் நுனிகளில் தொப்பியிட்டு, உள்ளங்கையில் ஒரு வட்டமும் சுற்றிலும் பொட்டுகளும் வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் நம் தாய்மார். கன்னடர் மதரங்கி என்பதும், தெலுங்கர் கோரிண்டாகு என்பதும், வடநாட்டார் மெஹந்தி என்பதும் இச்செடியையே. ஆனால் முழங்கை வரையில் கொடியும் மயிலும் மாங்காயும் நெருக்கமாக வரையும் முறை வடக்கிலிருந்து வந்தது. அதற்குக் கைத்திறனும் பல மணி நேரப் பொறுமையும் வேண்டும். ஆகவே கூலிக்கு வரைவோரும் தோன்றினர்.

அத்தொழிலில்தான் நாங்கள் இப்பொழுது இறங்க முற்பட்டிருக்கிறோம். எங்கள் இருவரில் கைவண்மை வாய்ந்தவர் இல்லாள். பொடி சலிக்கவும் கோன் சுருட்டவும் கணக்கு எழுதவும் வாய்த்தவர் ரயில்வே எழுத்தர். சிவாஜி நகரில் உருது பேசும் அம்மையார் ஒருவரிடம் பாடம் தொடங்கிற்று. ரம்ஜான் பெருநாளுக்கு முந்திய இரவில் கமர்ஷியல் தெருவில் வரிசையாக அமர்ந்து கை நீட்டுவோருக்கெல்லாம் வரைந்து தருவோரைக் கண்டிருப்பீர்கள். அவ்விரைவு ஓரிரு மாதத்தில் வருவதன்று. கண்ணாடித் தகட்டின் மேல் கோடு இழுப்பதும் துடைப்பதுமாகப் பல மாலைகள் கழிந்தன.

ரயில்வே பணியாளர் குடும்பங்கள் இங்கு ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். 1966ஆம் ஆண்டின் நடத்தை விதிகளின்படி, முன் அனுமதியின்றி ஊழியர் வணிகத்தில் ஈடுபடலாகாது. குடும்பத்தினர் தொழில் செய்யின் அதனை நிர்வாகத்திற்குத் தெரிவித்தல் வேண்டும். ஆதலின் முதல் கோன் சுருட்டுவதற்கு முன்னரே அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்துவிட்டோம். ஒளித்துச் செய்யும் தொழிலில் நிம்மதி ஏது?

நிற்க, பொடியைப் பற்றிச் சிறிது கூறுவோம். இராஜஸ்தானத்தின் பாலி மாவட்டத்திலுள்ள சோஜத் என்னும் ஊர் இதற்குப் பெயர் பெற்றது. சோஜத் மெஹந்திக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அப்பொடியை மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். இல்லையேல் கோனின் ஊசி முனை அடைத்துக்கொள்ளும். பின்னர் எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் நீலகிரித் தைலமும் சேர்த்துக் குழைத்துப் பல மணி நேரம் ஊற வைக்கிறோம். இலையிலுள்ள லாசோன் என்னும் சாயப்பொருள் அப்பொழுதுதான் வெளிப்படும். பெங்களூர் கடல் மட்டத்திற்கு 900 மீட்டருக்கும் மேலான ஊர். தை மாதக் குளிரில் இங்குச் சாயம் மெதுவாகவே இறங்கும். குழைத்த விழுது வெளியில் ஓரிரு நாளில் வலுவிழந்துவிடும். உறைபெட்டியில் வைத்தால் தாங்கும். அங்ஙனமாயின் கடையில் மாதக்கணக்கில் தொங்கும் கோன்களில் இருப்பது யாது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

எங்கள் முதல் மணப்பெண் அல்சூரைச் சேர்ந்தவர். இரு கைகளும் கால்களும் வரையக் கூலி 4,000 ரூபாய் எனப் பேசி, 1,000 ரூபாய் முன்பணமும் பெற்றோம். அத்தொகையில் குழந்தையின் பள்ளிக் கட்டணத்திற்கு வழி பிறந்தது. இந்நிலையில் பெண்ணின் அத்தை, "அரை மணியில் கன்னங்கரேலென்று ஆகும் கறுப்பு மருதாணியே வேண்டும், இயலாதெனில் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்.

மருதோன்றி இலை எந்நாளும் கறுப்புச் சாயம் தராது. கழுவியவுடன் இளஞ்செம்மையாய் இருந்து, ஒன்றிரண்டு நாளில் காற்றுப்பட்டுக் கருஞ்சிவப்பாவதே அதன் இயல்பு. உடனே கறுப்பாக்கும் கோன்களில் தலைமுடிச் சாயத்தில் பயன்படும் பாரா ஃபினைலீன் டையமீன் என்னும் இரசாயனத்தைக் கலப்பதுண்டு. அது தோலில் கொப்புளம் எழுப்பும். சிலருக்கு அதன் ஒவ்வாமை வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். தாலி ஏறும் நாளில் ஒரு பெண்ணின் கை புண்ணாகும் வாய்ப்பை, எத்துணைக் கூலிக்காகவும் நாங்கள் ஏற்பதற்கில்லை. முன்பணத்தை எடுத்துக்கொண்டே அவர்கள் இல்லம் சென்றோம். பெண்ணின் உள்ளங்கையில் காசளவு வட்டம் ஒன்றை இட்டு, "மூன்றாம் நாள் பாருங்கள், மனத்திற்கு ஒவ்வாவிடில் பணம் இதோ" என்று கூறி வந்தோம்.

மூன்றாம் நாள் மணப்பெண்ணே தொலைபேசியில் அழைத்து, "அக்கா, நல்லாச் சிவந்திருக்கு, நீங்களே வாங்க" என்றார். அத்தைக்கு இன்னும் மனக்குறைதான். ஞாயிறு முகூர்த்தம், ஆதலின் வெள்ளி மாலை வரைவதெனக் குறித்துள்ளோம். ஐந்து மணி நேரமேனும் ஆகும். அன்று விடுப்பெடுத்துக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது எழுத்தர் பொறுப்பு.

ஊரிலுள்ள எங்கள் பெரியம்மா, "மங்கல காரியத்திற்குக் கூலியா?" என்று வருந்தினார். நாதசுரக்காரரும் சமையற்காரரும் கூலி பெறும் பந்தலில் இக்கைத்தொழிலுக்கு மட்டும் ஏன் இழுக்கு என்று கேட்டோம். ஆயினும் அவர் சொல்லில் ஒரு நியாயம் இருந்தது. ஆகவே ஒரு முடிவு செய்தோம்: உள்ளங்கை நடுவே இடும் முதற் பொட்டைப் பெண்ணின் வீட்டுச் சுமங்கலி ஒருவரே இடட்டும், அது நம் வழக்கம். அதைச் சுற்றி வளரும் கொடிக்குத்தான் எங்கள் கூலி. அந்த முதற் பொட்டை அத்தையே இட வேண்டுமென்று கேட்டுக்கொண்டோம், அவரும் இசைந்திருக்கிறார்.

இத்தொழிலை மேற்கொள்ள விரும்பும் சகோதரிகளுக்கு ஒன்று கூறுவோம். பொடியைச் சோதியுங்கள், விழுதை நீங்களே குழையுங்கள், கைக்குழந்தைகளுக்கு மருதோன்றி இடாதீர்கள், சிலருக்கு அது இரத்தத்தைக் கெடுக்கும். நம்மை நம்பிக் கை நீட்டும் பெண்ணுக்குத் தீங்கு வாராமற் காப்பதே இத்தொழிலின் முதற் கடமை.