ரங்கநாதன் தெருவுக்கு ஷாப்பிங் போறீங்களா? செல்போன் பத்திரம் மக்களே!

மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் ரங்கநாதன் தெரு. அதன் மறுமுனை உஸ்மான் சாலை. கூட்டமில்லாத நாளில் ஐந்தே நிமிட நடைதான். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு என்றால் நாம் நடக்கவே தேவையில்லை, கூட்டமே நம்மைத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

ஜவுளி, பாத்திரம், கவரிங் நகை, நடைபாதையில் ஹேர்கிளிப் என வழியெங்கும் கண்ணை இழுக்கும் கடைகள். பண்டிகை நேரத்தில் போலீஸார் கண்காணிப்பு கோபுரம் அமைத்து, ஒலிபெருக்கியில் எச்சரித்துக்கொண்டே இருப்பார்கள். ஆனாலும் திருடனுக்கு நம் கவனம் சிதறும் ஒரு நொடி போதும்.

அந்த நொடி எப்போது வரும்? குனிந்து துணியைப் புரட்டும்போது சட்டைப் பையில் இருக்கும் போன் வெளியே எட்டிப் பார்க்கும். யு.பி.ஐ-யில் பணம் கட்டிவிட்டு, பையை வாங்கும் அவசரத்தில் போனைக் கடை மேஜையிலேயே வைத்துவிடுவோம். திரும்பும்போது மின்சார ரயிலில் ஜன்னலோரம் வீடியோ பார்ப்போம். ரயில் கிளம்பும் நேரம் பார்த்து பிளாட்பாரத்திலிருந்து ஒரு கை நீளும். போன் வெளியே, நாம் உள்ளே!

கூட்டத்துக்குள் நுழையும் முன்பே போனை ஜிப் வைத்த பைக்குள் போட்டு, பையை வயிற்றுப் பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். ரயிலில் கதவு, ஜன்னல் பக்கம் போனை வெளியே எடுக்காதீர்கள்.

போனோடு பணமும் போகுமா?

போகலாம். ஸ்கிரீன் லாக் இருந்தாலும், சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓ.டி.பி அதற்கு வந்துவிடும். அதனால் சிம்முக்கும் பின் நம்பர் வையுங்கள். அதை மறக்கக் கூடாது. மூன்று முறை தவறாகப் போட்டால் சிம் லாக் ஆகிவிடும். பூட்டிய திரையில் மெசேஜ் தெரிவதையும் நிறுத்திவிடுங்கள்.

தொலைந்தால்?

பக்கத்தில் இருப்பவரின் போனை வாங்கி, முதலில் சிம்மை பிளாக் செய்யுங்கள். அடுத்து வங்கிக்குச் சொல்லுங்கள். பிறகு போலீஸில் புகார். ரயிலில் பறிபோனால் 139, கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் 1930. புகார் நகலுடன் மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பதிவு செய்தால், அந்த போனையே முடக்கலாம். யாராவது அதில் வேறு சிம் போட்டால் போலீஸுக்குத் துப்பும் கிடைக்கும்.

இதற்கெல்லாம் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ எண் வேண்டும். போன் தொலைந்த பிறகு அதைத் தேடி அலைய வேண்டாம். இப்போதே *#06# அழுத்துங்கள். திரையில் வரும் எண்ணை, போனில் அல்ல, வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். குடும்பத்தில் எத்தனை போனோ, அத்தனைக்கும். அப்புறம் தி.நகர் கிளம்பலாம்!