முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு கமலைச் சால்

காரைக்குடிக்கு வருகிறவர்கள் ஆயிரம் ஜன்னல் வீட்டைப் பார்ப்பார்கள், ஆத்தங்குடிக் கல்லுக்கு விலை கேட்பார்கள், கண்டாங்கிச் சேலை எடுப்பார்கள். விவசாயிகள் அவசியம் போக வேண்டிய இடம் என்று நான் சொல்வது முனீஸ்வரன் கோயில் தெருவை. நகரத்தார் வீடுகளில் இருந்து கழித்துவிட்ட பழம்பொருட்களை விற்கும் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன.

பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் கடந்து தொழில் செய்தவர்கள் வீட்டுச் சாமான்கள் அல்லவா? சுவீடன் எனாமல் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நம்மூர் முறுக்கு உரல் கிடக்கும். மிருக உருவில் செதுக்கிய தேங்காய்த் துருவி, பல்லாங்குழிப் பலகை, யாருக்கும் பயன் தெரியாத பித்தளைச் சாமான்கள் என்று பார்த்துக்கொண்டே போகலாம். பெட்ரோமாக்ஸ் விளக்கும் உண்டு. அந்தப் பெயரில் இருக்கும் 'மாக்ஸ்', மாக்ஸ் கிரேட்ஸ் என்ற ஜெர்மானியர். காற்றை அடித்து, அந்த அழுத்தத்தில் மண்ணெண்ணெயை மேலே தள்ளுகிற வேலைதான். தோளில் மாட்டி மருந்தடிக்கும் கைத்தெளிப்பானும் அதே வம்சம்.

மரக்கால்கள் நிறைய வருகின்றன. 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம் என்பது கணக்கு. ஆனால் ஊருக்கு ஊர் படியே மாறும். "அப்பா காலத்தில் இத்தனை மரக்கால் விதைத்தோம், கிலோவில் எவ்வளவு?" என்று வாசகர்கள் அடிக்கடி கேட்கிறீர்கள். புத்தகத்தைப் பார்த்துப் பதில் சொன்னால் தப்பாகிவிடும். உங்கள் வீட்டு மரக்காலில் உங்கள் விதைநெல்லையே அளந்து தராசில் வையுங்கள். அதுதான் சரியான விடை. நெல் ஈரமாக இருந்தால் எடை கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரு கடையில் இரும்புச் சால் ஒன்றைப் பார்த்து நின்றுவிட்டேன். கடைக்காரர் இளைஞர். "செடி வைக்க நல்லா இருக்கும் சார், ஓட்டல்காரங்க எடுப்பாங்க" என்றார். அடியில் ஏன் இவ்வளவு பெரிய ஓட்டை என்று கேட்டேன். தண்ணீர் வடிவதற்கு என்றார்! இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கமலை ஓடி அவர் பார்த்திருக்கமாட்டார்.

அந்த ஓட்டையில்தான் தோலால் ஆன வாலைக் கட்டுவார்கள். சாலுக்கு இரண்டு கயிறு. தடித்த வடம் மேலே இருக்கும் உருளை வழியாகச் சாலைத் தூக்கும். மெல்லிய வால்கயிறு, கிணற்று விளிம்பில் இருக்கும் தாழ்ந்த உருளை வழியாக வரும். மாடுகள் சரிவில் இறங்க இறங்கச் சால் மேலே வரும். வால், சாலின் வாய் மட்டத்துக்கு மடங்கி நிமிர்ந்தே வருவதால் தண்ணீர் கொட்டாது. விளிம்புக்கு வந்ததும் சால் இன்னும் மேலே போகும், வாலோ தாழ்ந்த உருளையோடு வெளியே சாயும். தண்ணீர் தானாகவே வாய்க்காலில் ஊற்றிவிடும். கிணற்றடியில் சாலைக் கவிழ்க்க இன்னொரு ஆள் வேண்டாம். இரண்டு கயிற்றின் நீளத்திலும் இரண்டு உருளையின் உயரத்திலும்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. வேளாண்மைப் பட்டம் வாங்கிய காலத்தில் பம்புசெட் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தேன். இதைப் போல ஆச்சரியப்படுத்தியது ஒன்றும் இல்லை.

அந்தக் கடையில் இருந்தது சால் மட்டும். உருளை இல்லை, வால் இல்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டு அலங்காரத்துக்குப் போய்விட்டால் பிறகு யாராலும் கோத்துப் பார்க்க முடியாது. உங்கள் வீட்டுக் கொட்டகையில் கமலைச் சாமான் கிடந்தால் பிரித்து விற்காதீர்கள். விற்றே ஆக வேண்டும் என்றால், கமலை ஓட்டிய பெரியவர் இருக்கும்போதே கிணற்றின் ஆழம், வடத்தின் நீளம், மாடு நடந்த தூரம் ஆகியவற்றைக் கேட்டு எழுதி, படமும் எடுத்துவிட்டு விற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுகளைக் கடந்த கலைப்பொருட்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அவற்றை வாங்கி விற்கும் வியாபாரிக்கு உரிமம் வேண்டும். வீட்டில் இருந்த மரக்கால் வேறு, உழும்போது மண்ணுக்குள் கிடைப்பது வேறு. நம்முடையது கீழடி இருக்கும் மாவட்டம். புதைந்து கிடந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவாக இருந்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். மறைத்தால் தண்டனை உண்டு, கண்டெடுத்தவருக்குரிய பங்கும் போய்விடும். ஆகவே காசோ பானையோ கண்ணில் பட்டால் ஏரை நிறுத்திவிட்டு, முதலில் கிராம நிர்வாக அலுவலரைக் கூப்பிடுங்கள்.