மூன்றாவது பெயர்

உபாத்தியாயர் என்றால் பிழையே செய்யாதவர் என்று உலகம் எண்ணிக்கொண்டிருக்கிறது. அந்த எண்ணத்துக்குப் பங்கம் வராமல் நாமும் இருபது வருஷ காலம் காப்பாற்றி வந்தோம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இரவு வீட்டில் பார்த்த ஒரு டாகுமெண்டரிப் படம் அதைக் கெடுத்துவிட்டது.

படத்தின் பெயர் 'இன் தி ஷேடோ ஆப் தி மூன்'. டேவிட் ஸிங்டன் என்பவர் எடுத்து, 2007-ம் வருஷம் வெளிவந்தது. சந்திரனுக்குப் போய் வந்தவர்கள், தலை நரைத்த பிறகு, தங்கள் யாத்திரையைத் தாங்களே சொல்லுகிறார்கள். நடுவில் புகுந்து வியாக்கியானம் செய்கிறவர் எவரும் இல்லை. அவர்களில் மைக்கேல் காலின்ஸ் பேசத் தொடங்கியதும் நமக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை.

காரணம் இதுதான். போன வருஷத்துப் பரீட்சையில், "1969-ல் அபல்லோ 11-ல் சந்திரனுக்குப் போனவர்கள் யார்?" என்று கேட்டிருந்தோம். ஆர்ம்ஸ்ட்ராங், ஆல்டிரின் என்ற இரண்டு பெயர்களே நாம் எதிர்பார்த்த விடை. ஒரு சிறுமி காலின்ஸ் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தாள். "அவர்தான் இறங்கவே இல்லையே!" என்று சிவப்பு மசியால் அதை அடித்து, ஒரு மார்க்கைக் குறைத்தோம். அவள் எதிர்வாதம் செய்யவில்லை. நம்மை ஒரு முறை பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

இறங்காத அந்த மனிதர் என்ன செய்தார்? மற்ற இருவரும் சந்திரனில் 21 மணி நேரத்துக்கு மேல் தங்கியிருக்க, 'கொலம்பியா' என்னும் தாய்க்கலத்தில் தன்னந்தனியே சந்திரனைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு சுற்றுக்குச் சுமார் 2 மணி நேரம். அதில் 48 நிமிஷம் சந்திரனுக்கு அப்புறத்தில். அப்போது பூமியிலிருந்து ஒரு குரலும் எட்டாது. கீழே இருந்தவர்கள் கிளம்பி வருவதற்கு இருந்தது ஒரே ஓர் இயந்திரம். அது ஓடாமற்போனால், தோழர்களை அங்கேயே விட்டுவிட்டு ஒற்றை ஆளாகத் திரும்ப வேண்டியவர் அவர். ஓடினாலும், மேலே அவர் காத்திராவிட்டால் அவர்கள் வீடு திரும்ப வழியில்லை. அவரையா போகாதவர் என்று அடித்தோம்?

மறுநாள், இப்போது மேல் வகுப்பில் இருக்கும் அந்தச் சிறுமியிடம் போய், மார்க்கைத் திருத்துவதற்காகப் பழைய விடைத்தாளைக் கேட்டோம்.

"அப்பா அதைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார், ஸார்" என்றாள்.

காலின்ஸும் 2021-ல் காலமாகிவிட்டார். நம்மால் ஆகக்கூடியது ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அவள் வகுப்புக் கரும்பலகையில் கேள்வியை எழுதி, இரண்டு பெயர்களையும் எழுதிவிட்டு, சாக்குக்கட்டியை அவளிடம் கொடுத்தோம்.

மூன்றாவது பெயரை அவள் நம் எழுத்தைவிடப் பெரிதாகவே எழுதினாள்.