'இந்த வருஷமும் பத்தாவது இடம்தானா மாப்ள?' - பெரம்பலூர் டு அரியலூர்... மஞ்சள் ஊரில் ஓர் ஆர்.சி.பி ரசிகர் கணிக்கும் சி.எஸ்.கே ஜாதகம்!

மார்ச் பிறந்தால் பெரம்பலூரில் இரண்டு விஷயங்கள் சூடாகும். ஒன்று வெயில். இன்னொன்று டீக்கடை பெஞ்ச்.

பாலக்கரைப் பக்கம் காலை ஏழு மணிக்கு எந்தக் கடையில் நின்றாலும் பேச்சு சின்ன வெங்காய விலையில்தான் தொடங்கும். அடுத்து மக்காச்சோளம், படைப்புழு. இரண்டாவது டீ வருவதற்குள் யாராவது ஒருவர் செல்போனை நீட்டுவார். அவ்வளவுதான், ஐ.பி.எல் ஆரம்பம்! 2026 சீசனுக்கு முன்பும் அதே கதைதான்.

பெஞ்சில் பத்துப் பேர் இருந்தால் ஒன்பது பேர் மஞ்சள். மிச்சமுள்ள ஒருவர்தான் இந்தக் கதையின் நாயகன்: ஆர்.சி.பி ரசிகர். சென்னைக்காரரான தினேஷ் கார்த்திக் அந்த அணியில் ஆடியதும், பிறகு அதற்கே பயிற்சியாளர் ஆனதும் அவருக்குக் கிடைத்த சமாதானம். மற்றபடி கோலி ஒருவருக்காகப் பல வருடங்களாக ஊரே கேலி செய்வதைத் தாங்கியவர். இப்போது முறை அவருடையது.

"இந்த வருஷமும் பத்தாவது இடம்தானா மாப்ள?"

எதிராளியின் கணக்கு நோட்டு

தன் அணியைப் பற்றி ரசிகர் சொல்வதில் பாதி ஆசை கலந்திருக்கும். எதிரணியின் ஓட்டை எங்கே என்று தெரிய வேண்டுமென்றால் எதிரணி ரசிகரைத்தான் கேட்க வேண்டும். சி.எஸ்.கே-யின் புள்ளிவிவரத்தை சி.எஸ்.கே ரசிகரைவிட இவர் நன்றாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்.

2025-ல் 14 போட்டிகள், நான்கே வெற்றிகள், பட்டியலில் கடைசி இடம். சி.எஸ்.கே வரலாற்றிலேயே அதுதான் முதல் முறை. அதில் இவர் அதிகம் ருசிப்பது சேப்பாக்கம் கணக்கை. அங்கே ஆடிய ஆறு போட்டிகளில் முதல் ஆட்டத்தில் மும்பையை வென்றதோடு சரி. அடுத்த ஐந்தும் தோல்வி! அந்த ஐந்தில் முதல் அடி கொடுத்தது ஆர்.சி.பி. மார்ச் 28 அன்று, 50 ரன்களில். 2008-க்குப் பிறகு, 17 வருடம் காத்திருந்து சேப்பாக்கத்தில் கிடைத்த வெற்றி அது. மே 3-ம் தேதி பெங்களூரில் மறுபடியும் தோல்வி, இந்த முறை இரண்டே ரன்களில். அந்த இரண்டு ரன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீ ஆறிவிடும்.

இந்த வருடக் கணிப்புக்கு வருவோம். ஜடேஜா போய்விட்டார் என்பதுதான் இவருடைய முதல் பாயின்ட். ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியிருக்கிறது சி.எஸ்.கே. பவுலிங், பேட்டிங், ஃபீல்டிங் என மூன்று வேலை பார்த்தவரைக் கொடுத்துவிட்டு ஒரு விக்கெட் கீப்பர் பேட்ஸ்மேனை வாங்கினால் அந்த ஓவர்களை யார் போடுவது? பதிரனாவும் இல்லை, கொல்கத்தா 18 கோடிக்கு எடுத்துக்கொண்டது. ஏலத்தில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு இளைஞர்களுக்குத் தலா 14.20 கோடி. இருவரும் இந்திய அணிக்கு இன்னும் ஆடாதவர்கள். 'வயசானவங்க டீம்' என்று பெயர் வாங்கிய அணி திடீரென்று 19, 20 வயதுப் பையன்கள் மேல் பணத்தைக் கொட்டினால் அது பதற்றத்தின் அடையாளம் என்பது இவர் வாதம். முழுக்கத் தப்பு என்று சொல்லிவிட முடியாது.

தோனிக்கு 44 வயது. அதற்கு இந்த ஊருக்கே உரிய ஒரு கிண்டல் உண்டு. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 12 கோடி ஆண்டுப் பழைமையான கல்மரம் கிடக்கிறது, 18 மீட்டர் நீளம். "இன்னொரு கல்மரம் சேப்பாக்கத்துல இருக்கு" என்றால் போதும், பெஞ்சில் ஒன்பது பேரும் எழுந்துவிடுவார்கள்.

பயமே இல்லையா? இருக்கிறது. நல்ல எதிராளி அதை மறைப்பதில்லை. பெங்களூரில் அந்த இரண்டு ரன் ஆட்டத்தில் 48 பந்துகளில் 94 அடித்த ஆயுஷ் மாத்ரே முழு சீசன் ஆடினால் என்ன ஆகும்? பாதியில் வந்து சேர்ந்த பிரெவிஸ் முதல் ஆட்டத்திலிருந்தே இறங்கினால்? கடைசி இடம் பிடித்த அணியில் இருந்துகொண்டே 24 விக்கெட் எடுத்த நூர் அகமது? கூடவே சஞ்சு. எல்லாம் கூட்டிக் கழித்து இவர் போடும் தீர்ப்பு: ஆறாவது இடம். 'மேலே வரும், ஆனால் பிளே ஆஃப் கிடையாது.'

பதிலுக்கு மஞ்சள் தரப்பு விரல்களை மடக்கும். 2010, 2011, 2018, 2021, 2023. ஐந்து கப். உங்களுக்கு?

"ஒண்ணு. ஆனா புதுசு!"

ரயில் ஏற அடுத்த மாவட்டம்

சேப்பாக்கத்துக்கு நேரில் போய் இந்தச் சண்டையைத் தொடர நினைத்தால், பெரம்பலூர் ரசிகருக்கு ஒரு சிக்கல். மாவட்டத் தலைநகரில் ரயில் நிலையம் கிடையாது. நெடுஞ்சாலையில் பஸ் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி அரியலூர் போய் ரயில் ஏற வேண்டும். திரும்பும்போது இன்னும் பாடு. ராத்திரி மேட்ச் முடிந்து கிளாம்பாக்கம் வந்து பஸ் ஏறினால் வீடு சேர விடிந்துவிடும்.

அரியலூர் சாலையில் பேரளி தாண்டினால் பருத்திக் காடுகளுக்கு நடுவே லாரிகள் கூடிக்கொண்டே போகும். சுண்ணாம்புக்கல் லாரி, சிமென்ட் லாரி. ஒரு காலத்தில் கடல் இருந்த பூமி இது. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமே இருக்கிறது. கடல் போன இடத்தில் சுண்ணாம்புக்கல், அதன் மேல் சிமென்ட் ஆலைகள். சாலையோர வேப்பமரங்கள்கூட சாம்பல் பூசி நிற்கும்.

இந்த இரண்டு ஊர்களின் உறவே ஒரு ஐ.பி.எல் கதை மாதிரிதான். 2001-ல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2002-ல் திரும்பச் சேர்த்தார்கள். 2007 நவம்பரில் மீண்டும் பிரிந்தது. இரண்டு சீசன் தடைக்குப் பிறகு 2018-ல் திரும்பி வந்த சி.எஸ்.கே-வை அரியலூர்க்காரர்களுக்குச் சுலபமாகப் புரிந்திருக்கும்!

கீழப்பழுவூரில் பேச்சு குறையும்

அரியலூரிலிருந்து தஞ்சாவூர் சாலையில் போனால் கீழப்பழுவூர். பழுவேட்டரையர்கள் ஆண்ட பகுதி, தேவாரப் பாடல் பெற்ற ஆலந்துறையார் கோயில் இருக்கிற ஊர். திருச்சி - சிதம்பரம் சாலையும் இங்கேதான் குறுக்கே வருகிறது.

2022 அக்டோபரில் இந்தப் பகுதி தேசியச் செய்தி ஆனது. ஒன்றாக கிரிக்கெட் ஆடி வளர்ந்த இரண்டு இளைஞர்கள். ஒருவர் ரோஹித் - மும்பை, மற்றவர் கோலி - ஆர்.சி.பி. மது அருந்தியபடி பேசிக்கொண்டிருந்தபோது வழக்கமான கேலி சண்டையாகி, ஒரு நண்பர் இறந்தார், மற்றவர் கைதானார். கேலி அணியோடு நிற்காமல் நண்பரின் பேச்சுக் குறை வரைக்கும் போனது என்று அப்போது செய்திகள் வந்தன. சமூக வலைதளத்தில் சிலர் 'கோலியைக் கைது செய்' என்று ஹேஷ்டேக் ஓட்டினார்கள். இரண்டு வீடுகளின் துக்கம் அங்கே ஒரு நாள் ட்ரெண்டிங். அதைவிட அசிங்கமான ஒன்றை யோசிப்பது கஷ்டம்.

ஆர்.சி.பி ரசிகருக்கு இன்னொரு வலியும் உண்டு. 2025 ஜூன் 3, அகமதாபாத். பஞ்சாபை ஆறு ரன்களில் வீழ்த்தி 18-வது சீசனில் முதல் கப். மறுநாளே பெங்களூர் சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்துபோனார்கள். கொண்டாட்டம் ஒரு நாள்கூட முழுதாக நிற்கவில்லை. பெஞ்சில் எதை வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம், சேப்பாக்கம் தோல்வியை, கல்மரத்தை, 17 வருடக் காத்திருப்பை. அந்த 11 பேரை மஞ்சள் தரப்பில் யாரும் இழுப்பதில்லை.

சாயங்காலம் வெயில் இறங்கியதும், வற்றிய ஏரிக்குள் டென்னிஸ் பால் மேட்ச் தொடங்கும். கரையிலிருந்து பார்த்தால் மஞ்சளும் சிவப்பும் கலந்தே தெரியும். மொத்தம் பதினான்கு பேர்தான் வருவார்கள், ரசிகர் வாரியாகப் பிரித்தால் ஒரு பக்கம் 13, மறு பக்கம் 1 என்றாகிவிடும். அதனால் ஆர்.சி.பி ஜெர்சிக்காரர் பந்து போட, தோனி ஜெர்சிக்காரர் கீப்பிங் நிற்பார்.

சி.எஸ்.கே பிளே ஆஃப் போனால் ஆர்.சி.பி தரப்பு எல்லோருக்கும் புரோட்டா வாங்கித் தர வேண்டும், போகாவிட்டால் மஞ்சள் தரப்பு. இதுதான் இந்த சீசன் பந்தயம். 2024 மே 18 அன்று பெங்களூரில் 27 ரன்களில் தோற்று சி.எஸ்.கே வெளியேறியபோது வைத்த பந்தயத்தின் புரோட்டாவே இன்னும் பாக்கி இருக்கிறதாம்.