"எல்லாம் ஓகே காக்கா"

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள், வீட்டில் டர்போ வாகனம் இருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

பெருநாளுக்கு முந்திய வாரம் எங்கள் வாசலில் பொனட் திறந்தபடி கிடந்த சிவப்புக் காரைப் பார்த்துப் பலர் விசாரித்தீர்கள். "வேகமா ஓடி எஞ்சினை உடைச்சிட்டீங்களாமே?" என்று பள்ளிவாசல் முற்றத்திலும் கேட்டார்கள். உடையவில்லை. ஆனால் உடைந்திருக்க வேண்டியது. அதுவும் வேகத்தால் அல்ல, எங்கள் சோம்பலால்.

நாங்கள் என்றால் கூடப்பிறந்த இரண்டு பேர். ஒருவர் படிப்பிக்கிறார், மற்றவர் வயரிங் வேலை செய்கிறார். கார் எங்களுடையதல்ல, கட்டாரில் இருக்கும் காக்காவுடையது. மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் 7. சின்ன வயதில் இருந்தே அவருக்கு அந்தக் காரில் ஆசை. உழைத்துச் சேர்த்த காசில் பழைய வண்டியாகக் கொழும்பில் வாங்கினார். வருஷத்தில் ஒரு மாதம் லீவில் வந்து ஓட்டுவார். மிச்சம் பதினொரு மாதமும் சாவி எங்களிடம்.

வெளியில் பார்த்தால் பின்னால் பெரிய இறக்கை வைத்த ஒரு லான்சர், அவ்வளவுதான். உள்ளே விஷயம் வேறு. உலக ரலிப் போட்டியில் அந்தக் காலத்தில் ஒரு விதி இருந்தது. குரூப் ஏ பிரிவில் ஓட வேண்டுமென்றால், அதே காரைச் சாதாரண ஆட்களும் வாங்கி ஓடும்படி 2,500 வண்டியாவது செய்ய வேண்டும். அந்தத் தேவைக்காக 1992இல் பிறந்ததுதான் இந்த எவலூஷன். பின்லாந்தின் டொம்மி மாக்கினன் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலகச் சாம்பியனானது இந்தக் குடும்பத்துக் கார்களில்தான். காக்காவின் 7 வந்தது 2001இல். 1,997 சிசி எஞ்சின், டர்போ, 280 குதிரை வலு, நான்கு சில்லுக்கும் இழுவை. டாஷ்போர்டில் ஒரு பொத்தான் உண்டு: டார்மக், கிராவல், ஸ்நோ. நம்ம ஊர் வெயிலில் ஸ்நோ! வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பொத்தான்தான் பெரிய விளையாட்டு.

இப்படிப்பட்ட எஞ்சின் பொறுமையாக உழைக்கும், ஆனால் கவனிப்புக் கேட்கும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய ஒயில் படலம் ஒன்றுதான். டைமிங் பெல்ட்டை ஏறத்தாழ ஒரு இலட்சம் கிலோமீற்றரில் மாற்ற வேண்டும். ஓடாமல் நின்றாலும் ரப்பர் முதுமையடையும். இந்த எஞ்சினில் இன்னொரு சின்னப் பெல்ட்டும் இருக்கிறது. அதிர்வைக் குறைக்கும் இரண்டு பலன்ஸ் தண்டுகளில் ஒன்றைச் சுற்றுவது அது. அந்தச் சின்னது அறுந்தால் பெரிய பெல்ட்டுக்குள் சிக்கும். பெரியது பல் தாண்டினால் பிஸ்டனும் வால்வும் மோதும். 16 வால்வும் வளையலாம். எஞ்சின் கதை அத்தோடு முடியும்.

இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் தள்ளிப்போட்டோம்.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் ரூபாய் விழுந்தது, ஸ்பெயார் பார்ட்ஸ் விலை கைக்கெட்டாத உயரத்துக்குப் போனது. கியூஆர் காட்டி வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோல் எடுத்த காலத்தில் கார் தார்ப்பாய்க்குள்தான் கிடந்தது. அப்போது எங்களிடம் நியாயம் இருந்தது. பிறகு நிலைமை கொஞ்சம் சீரானதும் நியாயமும் முடிந்தது, பழக்கம் மட்டும் மிஞ்சியது. "சம்பளம் வரட்டும்", "நோன்பு முடியட்டும்", "வருஷ இறுதிச் சோதனை முடியட்டும்". பெல்ட்டுக்கென்று காக்கா அனுப்பிய காசும் வீட்டுக்குப் பக்கத்து மதில் வேலையில் கரைந்தது. ஒவ்வொரு முறை போன் எடுக்கும்போதும் அவர் கேட்பார்: "வண்டி எப்படி?" நாங்கள் சொல்வோம்: "எல்லாம் ஓகே காக்கா."

இம்முறை பெருநாளோடு குடும்பத்துடன் நுவரெலியா போவதாக அவர் சொன்னார். பிபிலை, பதுளை வழியாக மலை ஏறி இறங்கும் பயணம். காரில் மூன்று பிள்ளைகள் இருப்பார்கள்.

வாப்பாவுக்கு இந்தக் காரைப் பற்றி எதுவும் தெரியாது. அவர் வாழ்நாள் முழுக்க வயலும் டிரக்டரும்தான். ஒரு நாள் அசருக்குப் பிறகு காரடியில் நின்றவர் குனிந்து, தரையில் விழுந்திருந்த ஒயில் சொட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"மகன், இது எங்கிருந்து வருது?"

"சின்ன லீக் வாப்பா."

"எவ்வளவு நாளா சின்ன லீக்?"

பதில் சொல்ல முடியவில்லை. அன்று இரவே மேல் கவரைக் கழற்றினோம். பெல்ட் கவருக்குள் ஒயில் பூசிக் கிடந்தது. அடுத்த நாள் தெரிந்த பாஸ் ஒருவரைக் கூட்டிவந்து கிராங்க் புலியும் கீழ்க் கவரும் கழற்றினோம். முன் சீல் கசிந்து, அந்த ஒயிலில் சின்னப் பெல்ட் ஊறி, ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. இரண்டு இடத்தில் பல் இல்லை. பாஸ் அதைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எங்களிடம் நீட்டினார்.

பதுளை இறக்கத்தில் எஞ்சின் நின்றிருந்தால் ஸ்டீரிங் இறுகும். பிரேக் இரண்டு மூன்று மிதியோடு கல்லாகும். பின் சீற்றில் பிள்ளைகள். அன்றிரவு எங்கள் இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

பெல்ட்டை மாற்றிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். காக்காவுக்குத் தெரியவே வந்திராது. ஆனால் சாவி எங்களிடம் தந்தது அமானிதம். போன் எடுத்து மதில் கதையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னோம். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"கார் போனாப் போகட்டும்டா. நீங்க ஓகே எண்டு சொன்னா நான் புள்ளைகள ஏத்துவன். அதத்தான் யோசிக்கிறன்."

ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

வேலை நான்கு நாள் பிடித்தது. எஞ்சினை ஜக்கில் தாங்கி, பெல்ட் பக்க மவுண்டைக் கழற்றி, இரண்டு பெல்ட், டென்ஷனர், ஐட்லர், வோட்டர் பம்ப், முன் சீல்கள் எல்லாம் ஒன்றாக மாற்றினோம். மதிலுக்குக் கரைந்த காசை எங்கள் கையிலிருந்து போட்டோம். பாஸ் ஒரு விஷயம் காட்டினார். ஒயில் பம்ப் பல்சக்கரத்தின் அடையாளம் நேராக நின்றாலும், அதோடு சேர்ந்த பலன்ஸ் தண்டு உள்ளே அரைச் சுற்றுப் பிழையாக நிற்கலாம். எஞ்சின் பக்கத்தில் ஒரு திருகாணியைக் கழற்றி, ஸ்குரூ டிரைவரை உள்ளே விட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஆழமாகப் போனால் சரி, பாதியில் முட்டினால் பிழை. கொப்பியில் விடை சரி, செய்கை பிழை என்று பிள்ளைகளுக்குச் சிவப்புக் கோடு போடும் எங்கள் வீட்டு ஆசிரியருக்கு அது நன்றாகவே விளங்கியது.

உங்களுக்குச் சில விஷயம். ரைஸ் மாதிரிச் சின்ன டர்போ வைத்திருப்பவர்களுக்கும் முதல் இரண்டும் பொருந்தும்.

ஒயிலை நாள் பார்த்து மாற்றுங்கள், அளவையும் அடிக்கடி பாருங்கள். நீண்ட ஏற்றம் ஏறி வந்தவுடன் எஞ்சினை நிறுத்தாதீர்கள். ஒன்றிரண்டு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள், டர்போவில் ஒயில் கருகிப் பிடிக்காது.

நான்கு சில்லும் இழுக்கும் வண்டியில் ஒரு டயரை மட்டும் புதிதாகப் போடாதீர்கள். தேய்ந்ததும் புதியதும் ஒரே வேகத்தில் சுற்றாது, நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் அடிபடும். இந்தப் பிழையையும் ஒருமுறை செய்திருக்கிறோம்.

இந்த எஞ்சின் ஜப்பானில் 100 ஒக்டேனுக்குச் செய்தது. குறைந்தது 95ஆவது அடிக்க வேண்டும், 92 அல்ல. பழைய வண்டி வாங்கினால், பெல்ட் மாற்றியதற்குச் சான்று இல்லாத இடத்தில் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது டாஷ்போர்டுப் பெட்டிக்குள் ஒரு சீஆர் கொப்பி இருக்கிறது. திகதி, கிலோமீற்றர், என்ன மாற்றியது, யார் மாற்றியது, கீழே இரண்டு பேரின் கையெழுத்து. காக்கா கேட்டால் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறோம்.

பெருநாளுக்கு மறுநாள் போனோம். நுவரெலியாவுக்குக் கிட்டப் பனிமூட்டம் இறங்கியதும் காக்காவின் சின்ன மகள் எட்டி ஸ்நோ பொத்தானை அமத்தினாள். காக்கா அதை மாற்றவில்லை. திரும்பி எங்களைப் பார்த்து, "எல்லாம் ஓகேயா?" என்றார்.

இம்முறை கொப்பியை எடுத்துக் கொடுத்தோம்.