முற்பணம் கொடுத்தவர்கள்

உடப்பு தொடங்கிக் கற்பிட்டி வரை நீளும் நமது கரையிலே முற்பணம் என்பது ஓர் அதிகாரம். வலைக்கும் இயந்திரத்துக்கும் முதலாளி பணம் கொடுக்கிறார். கடன் தீரும்வரை பிடிபட்ட மீன் அவருடைய தராசுக்கே போகவேண்டும். அவர் சொன்னதே விலை. இந்தக் கணக்கைச் சிறு வயது முதலே கண்டு வளர்கின்ற பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் நாம், இதற்கு நேர்மாறான ஒரு வாணிபம் உலகில் நடந்துவருவதைக் கண்டு சற்றே திகைக்கிறோம்.

திரள்நிதி என்பது அதன் பெயர். ஒருவரிடம் ஒரு கருவிக்கான எண்ணம் இருக்கிறது, பணம் இல்லை. இணையத்திலே மாதிரியைக் காட்டிப் பொதுமக்களிடம் கேட்கிறார். கருவி உருவானதும் கொடுத்தவர்களுக்கு ஒவ்வொன்று. வங்கி வாசலில் நிற்கவேண்டியதில்லை; வட்டியும் இல்லை. கேட்பதற்கு நமது ஊர்ச் சீட்டைப் போலவும் கூட்டுறவைப் போலவும் இனிக்கிறது. உண்மையில் அது இரண்டும் அன்று.

2012 ஏப்ரிலில் அமெரிக்காவிலே ‘பெபிள்’ என்ற கைக்கடிகாரத்துக்காகக் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ஒரு இலட்சம் டொலர் கேட்டார்கள். ஐந்து வாரங்களில் 68,929 பேர் ஒரு கோடி டொலருக்கு மேல் கொடுத்துவிட்டார்கள். செப்டெம்பரில் தருவதாகச் சொன்ன கடிகாரம் 2013 ஜனவரியில்தான் புறப்பட்டது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். சிறிதளவு செய்ய நினைத்தவர் எழுபதினாயிரம் செய்ய நேர்ந்தால் அச்சும் தொழிற்சாலையும் மாறத்தானே வேண்டும்? ஆனால், 2013 ஜூலையில் ‘பெஸ்ட் பை’ கடைகளிலே அதே கடிகாரம் 150 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. கறுப்பு அல்லாத நிறங்களைக் கேட்டிருந்தோரிற் சிலருக்கு அப்போதும் கடிகாரம் வந்து சேரவில்லை. ஓராண்டுக்கு முன்பே 115 டொலர் கொடுத்தவர் தபாற்காரரை எதிர்பார்த்திருந்தார். நேற்றுக் கடைக்குப் போனவர் கையிலே கட்டிக்கொண்டார்.

இதைவிடக் கசப்பானது ‘கூலெஸ்ட்’ குளிர்பெட்டியின் கதை. அரைக்கும் இயந்திரமும் ஒலிபெருக்கியும் பொருத்திய அந்தப் பெட்டிக்கு 2014இல் 62,642 பேர் ஒரு கோடியே 32 இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்தனர். அவர்களிற் பல்லாயிரவர் காத்திருக்கையிலேயே, அவர்கள் கொடுத்ததைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்ட விலையில் அது அமேசனில் விற்கப்பட்டது. 2016இல், விரைவாக வேண்டுமானால் மேலும் 97 டொலர் தருக என்றும் கேட்டார்கள்! 2019 டிசம்பரில் கொம்பனி மூடப்பட்டபோது ஏறத்தாழ 20,000 பேருக்குப் பெட்டி கிடைக்கவில்லை.

இவற்றையெல்லாம் மோசடி என்று சொல்லித் தப்பிவிட முடியாது. கொம்பனியின் இடத்திலிருந்து பாருங்கள். கடைக்காரர் இன்னும் பணம் தரவில்லை. சரக்குப் போனால்தான் தருவார். தாமதித்தால் வேறொருவரிடம் போய்விடுவார். ஆதரவாளரோ பணத்தைக் கொடுத்து முடித்தவர். அந்தப் பணமும் செலவாகிவிட்டது. கையிருப்புக் குறைந்த கொம்பனி யாருக்கு முதலில் அனுப்பும்? நமது கரையின் முதலாளிக்கு இந்த நிலை ஏன் வருவதில்லை என்றால், அவர் ஒருவர். ஐசும் லொறியும் சந்தையும் அவர் கையில் இருக்கின்றன. அந்த 68,929 பேரோ ஒருவரையொருவர் அறியாதவர்கள். அவர்களுக்குச் சங்கம் இல்லை, கூட்டம் இல்லை, கணக்குக் கேட்கும் உரிமையும் இல்லை. பணத்தில் மட்டும் அதிகாரம் இருந்திருக்குமானால் ஒரு கோடி டொலர் எவ்வளவு அதிகாரம் செலுத்தியிருக்கும்!

கிக்ஸ்டார்ட்டரும் 2012 செப்டெம்பரில், தான் கடை அன்று என்று அறிவித்தது. இல்லாத கருவியைக் கணினியில் வரைந்து காட்டலாகாது என்றும் விதித்தது. நல்ல விதிதான். ஆனால், கடை அன்றெனில் கொடுத்தவர் வாங்குபவர் அல்லர். பங்கும் இல்லையாதலால் முதலீட்டாளரும் அல்லர். அப்படியானால் அவர் யார்? 2012இல் ‘ஒக்குலஸ்’ என்ற மெய்நிகர்க் கண்ணாடிக்கு 9,522 பேர் 24 இலட்சம் டொலர் கொடுத்தனர். 2014 மார்ச்சில் முகநூல் நிறுவனம் அதை 200 கோடி டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அதில் ஒரு சதமும் அவர்களுக்கு உரியதாகவில்லை. 2016இல், முதற் கருவிக்குப் பணம் கட்டியிருந்தோருக்கு 599 டொலர் பெறுமதியான விற்பனைக் கருவியை இலவசமாக அனுப்பினார்கள். அது பெருந்தன்மை; உரிமை அன்று.

நமது கடலுக்கு இவ்விரண்டின் வேறுபாடு புதிதன்று. கரைவலையிலே கயிறு இழுத்தவனுக்குப் பாட்டிலே பங்குண்டு. வெறும் வலை வந்தால் இல்லை, மீன் வந்தால் உண்டு. 1906இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம்பிள்ளை சுதேசிக் கப்பற் கொம்பனியைத் தொடங்கியபோது, 25 ரூபா வீதம் 40,000 பங்குகள் என்று வகுத்துப் பொதுமக்களிடம் போனார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே ஓடிய அந்தக் கொம்பனியை ஏகாதிபத்தியம் நெரித்தது. 1911இல் அது கலைக்கப்பட்டது. ஆயினும் 25 ரூபா கொடுத்தவர் கப்பலுக்கு உடையவராய் இருந்தே இழந்தார்.

பெபிள் 2016இல் மீண்டும் கிக்ஸ்டார்ட்டருக்கு வந்து ஒரு கோடியே 28 இலட்சம் டொலர் திரட்டியது. அவ்வாண்டு டிசம்பரில் கொம்பனி மூடப்பட்டது. அதன் மென்பொருளையும் பொறியியலாளர் பலரையும் ‘ஃபிட்பிட்’ எடுத்துக்கொண்டது. அறிவித்த கருவிகளில் இரண்டு பிறக்கவே இல்லை. அவற்றுக்குக் கொடுத்தவர்களுக்குப் பணம் திரும்பியது, கொடுத்த தொகை கொடுத்தபடி.