நரைத்த தேக்கு

அப்பா அந்தத் துண்டைக் கையில் வாங்கியதும் முதலில் முகர்ந்து பார்த்தார். பிறகு நகத்தால் அழுத்தினார். அதுவும் போதாமல் நாக்கின் நுனியால் தொட்டார். "இது இன்னாடா?" என்று என் அக்கா மகனைக் கேட்டார். "தேக்கு மாதிரி, தாத்தா" என்றான். "மாதிரின்னா?" என்ற அடுத்த கேள்விக்கு அவனிடம் உடனடியாகப் பதில் இல்லை.

இது நடந்தது 2024 மே மாதத்தில், திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்களின் இனப்பெருக்கக் காலம். கடலில் ஓய்வு என்றால் காசிமேட்டில் ஓய்வில்லை என்று பொருள். படகுகளைக் கரையேற்றிச் சுரண்டுவது, பலகை மாற்றுவது, வண்ணம் அடிப்பது எல்லாம் அந்த இரண்டு மாதங்களில்தான். அக்கா மகன் அங்கே சிறிய ஃபைபர் பட்டறை ஒன்று வைத்திருக்கிறான். முந்தைய டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது கறுத்துப்போன படகுகள் சிலவற்றை, உறவுக்காரர்களுடையவை என்பதால், கடனுக்கே சுத்தம் செய்து கொடுத்திருந்தான். அந்தக் கடன் திரும்பவில்லை. அந்த நிலையில்தான் உல்லாசப் படகு ஒன்று அவனிடம் வந்தது. இருபத்து நான்கு அடி நீளம், ஃபைபர் உடல். உரிமையாளர் நகரின் தென்கோடியில் வசிப்பவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: தளம் தேக்குப் பலகை பாவியதுபோல் இருக்க வேண்டும், ஆனால் தேக்கு வேண்டாம்.

இவ்வகைப் போலித் தேக்கு இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்று பி.வி.சி. பட்டைகளால் ஆனது. பழுப்புப் பட்டை, நடுவே கறுப்புக் கோடு, மறுபடி பட்டை என்று ஒட்டவைத்த விரிப்பு. ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். பதித்தபின் முரட்டு உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்த்தால் மரத்தின் ரேகைபோல் கீறல்கள் விழும். மற்றொன்று ஈ.வி.ஏ. என்னும் நுரைப்பொருள். ரப்பர் செருப்பின் மெத்தென்ற அடியை நினைத்துக்கொள்ளுங்கள். கணினி எந்திரத்தால் அளவாக வெட்டிவருவார்கள். பின்புறத் தாளை உரித்து ஒட்டிவிடலாம். விலை குறைவு, காலுக்கு இதம். ஆனால் தூண்டில் முள் மாட்டினால் பிய்யும், நாற்காலிக் கால் பட்டால் குழி விழும், வெயிலில் நிறம் வெளுக்கும். பையன் பி.வி.சி.யைத் தேர்ந்தெடுத்தான். சரியான முடிவுதான். எந்த நிறம் என்பதில்தான் சிக்கல்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். படகு கட்டும் தச்சரை யாழ்ப்பாணத்தில் ஓடாவி என்பார்கள். அழகான சொல். எங்கள் வீட்டில் மேஸ்திரி என்ற சொல்தான் புழங்கியது. 1984-இல் காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம் செயல்படத் தொடங்குமுன்பே அவர் இராயபுரம் கரையில் வாய்ச்சி பிடித்தவர். ஏராவை வைத்து, வங்குகளை நிறுத்தி, பலகை ஏற்றி, கடைசியில் தளம் பாவுவது வரை எல்லாம் அவர் கையால் நடந்த காலம் ஒன்று உண்டு. ஆயினி, மருது, வெண்தேக்கு ஆகியவை அவர் அன்றாடம் புழங்கிய மரங்கள். வெண்தேக்கு என்பது தேக்கே அல்ல. மருதோன்றிக் குடும்பத்தைச் சேர்ந்த வேறு மரம். பெயரளவில் போலித் தேக்கு நம்மிடம் எப்போதும் இருந்திருக்கிறது.

அசல் தேக்கில் அப்பா தளம் பாவியது வாழ்நாளில் ஒரே ஒரு முறை. யாரோ ஒருவருடைய பழைய படகைப் பழுதுபார்த்த வேலை. மீன்பிடிப் படகுக்கு யார் தேக்கு வாங்குவார்கள்? ஆனாலும் தேக்கின் மணம் அவருக்கு வீட்டிலேயே பழக்கம். என் தாயாரின் குடும்பம் 1960களில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்து, பின்னர் எண்ணூர் பர்மா நகரில் குடியேறியது. அவர்கள் கொண்டுவந்த பொருட்களில் இன்னும் எஞ்சியிருப்பது ஒரு தேக்குப் பெட்டி. அதைத் திறந்தால் பழைய தோலும் எண்ணெயும் கலந்தாற்போன்ற ஒரு வாசனை எழும். அந்த எண்ணெய்தான் தேக்கின் இரகசியம். ஈரத்தில் அதிகம் உப்பாது, காய்ச்சலில் அதிகம் சுருங்காது, உள்ளே அறைந்த இரும்பை அரிக்காது. நனைந்தாலும் வெறுங்காலுக்குப் பிடிமானம் தரும். இங்கிலாந்தில் கருவாலி மரம் அருகியபோது பிரிட்டிஷ் கடற்படை தன் போர்க்கப்பல்களைப் பம்பாயில் தேக்கால் கட்டிக்கொண்டது. அங்கே வாடியா குடும்பத்தார் 1817-இல் கட்டி மிதக்கவிட்ட கப்பல் ஒன்று இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் நிற்கிறது. அதன் பெயர் திருகோணமலை. ஆங்கிலேயர் உச்சரிப்பில் டிரிங்கோமாலி.

எனவே அசலே உயர்ந்தது, போலி இழிவானது என்று எழுதிவிட எனக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் பர்மியத் தேக்கின் கதை அவ்வளவு தூயதன்று. காடுகள் அழிந்துவந்ததால் 2014-இல் மியன்மார் உருட்டு மர ஏற்றுமதியைத் தடைசெய்தது. 2021 இராணுவப் புரட்சிக்குப் பிறகு அந்நாட்டு அரசின் மர நிறுவனத்தின்மீது அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் பொருளாதாரத் தடை விதித்தன. ஓர் உல்லாசப் படகின் தளத்துக்காக இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாக வேண்டுமா என்று கேட்டால், பிளாஸ்டிக்கே மேல் என்று சொல்லத் தோன்றுகிறது. பிளாஸ்டிக்கின் பாவக்கணக்கு தனி.

நிறத்துக்கு வருகிறேன். பையன் கொண்டுவந்தவை இரண்டு மாதிரிகள். ஒன்று தேன் பழுப்பு, மற்றொன்று வெளிறிய சாம்பல். உரிமையாளர் விரும்பியது பழுப்பை. அப்பா சிரித்தார். "கடல்ல எந்தத் தேக்குடா இந்தக் கலர்ல இருக்கும்?" என்றார். அவர் சொன்னது உண்மை. எண்ணெய் பூசாமல் விட்ட தேக்குத் தளம் வெயிலிலும் உப்பிலும் சில மாதங்களில் வெள்ளிச் சாம்பலாகிவிடும். பழுப்பு என்பது மரக்கடைத் தேக்கின் நிறம், கதவின் நிறம். அதாவது அந்தப் பழுப்புத் துண்டு, கடலில் நிலைத்திராத ஒரு நிறத்தின் நகல். சாம்பல் துண்டே உண்மைக்கு அருகில் இருந்தது. ஆனால் பணம் கொடுப்பவர் கண்ணுக்கு அது பழையதாகத் தெரிந்தது.

"வெயில்ல போட்டுப் பார்ப்போம்" என்று அப்பாதான் சொன்னார். இரண்டு துண்டுகளையும் மாடித் தளத்தில் பரப்பினோம். பிற்பகல் இரண்டு மணிக்கு அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். முதலில் சாம்பலில், பிறகு பழுப்பில். தளத்தைக் காலால் சோதிப்பது அவர் வழக்கம். ஒரு பலகை அடியில் உளுத்திருக்கிறதா, ஓர் ஆணி தளர்ந்திருக்கிறதா என்று வெறுங்காலால் நடந்தே சொல்லிவிடுவார். நான் சிறுவனாக இருந்தபோது வியந்து பார்த்த வித்தை அது. அன்றும் கண்ணை மூடிக்கொண்டு பழுப்பின்மேல் வெகுநேரம் நின்றார். "பரவால்ல, தாங்குது" என்றார். நான் நிழலில் நாற்காலியில் அமர்ந்து, இந்தக் காட்சியை எப்படி எழுதலாம் என்று மனத்துக்குள் வாக்கியம் கோத்துக்கொண்டிருந்தேன்.

இரவு அக்காதான் பார்த்தாள். வலது பாதத்தில் குதிகாலுக்கு முன்னால் எட்டணா அளவுக்குக் கொப்புளம். இருபது ஆண்டுச் சர்க்கரை நோய் அவருடைய பாதங்களின் உணர்வைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு அது தெரியும், மாத்திரைச் சீட்டில் இருக்கிறது. அவருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கால்கள் இனி ஒரு தளத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாதவை என்று எங்களில் எவரும் ஒரு முறைகூட நினைத்துப் பார்த்ததில்லை. மறுநாள் மதியம் நான் அதே பழுப்புத் துண்டில் கால் வைத்துப் பார்த்தேன். இரண்டு நொடிக்குமேல் நிற்க முடியவில்லை.

புண் ஆற ஏறக்குறைய ஒன்றரை மாதம் ஆயிற்று. முதல் வாரம் அவர் யாரிடமும் பேசவில்லை. வலி காரணமில்லை, வலிதான் இல்லையே. பையன் குற்றவுணர்ச்சியில் அந்த வேலையையே திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னான். அப்போதுதான் அப்பா வாய் திறந்தார். "முன்பணம் வாங்கிட்டியா இல்லியா?" என்றார். வாங்கியிருந்தான், செலவும் செய்திருந்தான்.

உரிமையாளரை ஒரு மதியம் பட்டறைக்கு வரவழைத்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, இரண்டு துண்டிலும் நிற்கவைத்தான் பையன். அதற்குமேல் வாதம் தேவைப்படவில்லை. எனினும் மனிதர் பழுப்பை முழுவதும் விடவில்லை. கூரைத்துணி நிழல் விழும் பின்புறத்தில் பழுப்பு, வெட்டவெளியான அணியத்தில் சாம்பல் என்று சமரசமாயிற்று. "ரெண்டு படகை வெட்டி ஒட்டுன மாதிரி இருக்கும்" என்று அப்பா முணுமுணுத்தார். ஆனால் மறுநாள் காலில் கட்டோடு ஆட்டோவில் ஏறிப் பட்டறைக்குப் போனவரும் அவரே.

தளம் பாவும் கலையில் பாதி அளவெடுப்பதுதான் என்பதை அந்த வாரம்தான் கற்றேன். பையன் படகின் ஓரத்திலிருந்து அளந்து கோடு போட ஆரம்பித்திருந்தான். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தபடியே அதை அழிக்கச் சொன்னார். எந்தப் படகும் இருபுறமும் ஒன்றுபோல் இராது. அச்சில் வார்த்த ஃபைபரும் விதிவிலக்கன்று. ஓரத்தை நம்பினால் கோடுகள் கோணும். எனவே அணியத்தின் நடுவிலிருந்து பின்புறத்தின் நடுவுக்கு நூல் பிடித்து, சுண்ணாம்பு தடவி அடித்து, அந்த நடுக்கோட்டிலிருந்தே இரு பக்கமும் பிரிக்க வேண்டும். நடுவில் ஓர் அகலப் பட்டை, ஓரத்தை அணைத்து வளையும் பட்டை ஒன்று, இரண்டுக்கும் இடையே குறும்பட்டைகள். அறைகளின் மூடிகள்மேல் கோடுகள் முறியாமல் தொடர வேண்டும். மூடியை எடுத்து மூடினாலும் கோடு கோட்டோடு சேர வேண்டும்.

தடித்த தாளை விரித்து ஒவ்வொரு பகுதிக்கும் அச்சு வெட்டினார்கள். ஒவ்வொன்றிலும் மேற்பக்கம் எது, அணியம் எந்தத் திசை என்று எழுதச் சொன்னார் அப்பா. பையன் ஒன்றில் எழுத மறந்தான். விளைவு, இடப்புறத்துக்கான விரிப்பு வலப்புறத்துக்கு உரியதாக வெட்டப்பட்டுவிட்டது. மரமென்றால் புரட்டிப் போட்டிருக்கலாம். இதற்கு முகம் ஒரு பக்கம்தான். அந்த நஷ்டத்துக்கு அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மீந்ததைச் சிறு மூடிகளுக்குப் பயன்படுத்தச் சொன்னார்.

உண்மையான சண்டை வந்தது கறுப்புக் கோடுகளால். அசல் தளத்தில் இரு பலகைகளுக்கு நடுவே விடும் சந்தில் பஞ்சுத் திரியை உளிவைத்து அடித்துத் திணித்து, மேலே கீல் ஊற்றுவார்கள். கலப்பத்து என்று பெயர். தண்ணீர் கீழே இறங்காமல் காப்பது அதுதான். போலித் தளத்தில் கோட்டுக்கு வேலையே இல்லை, வெறும் நிறம். ஓரத்துப் பட்டையைச் சந்திக்கும் இடத்தில் குறும்பட்டைகளைச் சாய்வாகச் சீவி முடித்துவிடலாம் என்றான் பையன். அப்பா மறுத்தார். பலகையைக் கூர்முனையாக முடித்தால் அந்த முனை முதலில் பிளக்கும், அங்கேதான் மக்கத் தொடங்கும். ஆகவே ஓரப் பலகையில் ஒரு படி வெட்டி, குறும்பலகையின் முனையை மழுக்கி அதனுள் பொருத்த வேண்டும். "இது மக்காது தாத்தா, பிளாஸ்டிக்" என்றான் அவன். "பாக்குறவனுக்குத் தெரியும்" என்றார் அவர். பார்ப்பவர் யார்? அந்தப் படகு மிதக்கப்போகும் உப்பங்கழியில் அந்தப் படியின் பொருள் அறிந்தவர் ஒருவரேனும் இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. கூடுதலாக நான்கு நாள் வேலை. பையன் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தான். ஒவ்வொரு படிக்கும் அப்பா நாற்காலியிலிருந்து குனிந்து கத்தி போகும் கோட்டைப் பென்சிலால் குறித்துக் கொடுத்தார்.

பிறகு நடந்தவை இயந்திரகதியானவை. தளத்தைத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, பல்கரண்டியால் பசை பரப்பி, விரிப்பை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டிக் காற்றை வெளியேற்றி, மணல் மூட்டைகளை ஏற்றி ஒரு நாள் விட்டார்கள். பழுப்பும் சாம்பலும் சந்திக்கும் இடத்தில், இரண்டையும் பிரிக்கும் வாசற்படிபோல, அப்பா குறுக்கே ஒரு பட்டை போடச் சொன்னார். அதைப் போட்டபின் இரண்டு படகு ஒன்றாயிற்று.

ஜூன் இறுதியில் படகை லாரியில் ஏற்றினார்கள். அதற்கு முன்தினம் மாலை அப்பா அதன் பக்கத்தில் நின்றார். புதுச் செருப்பு, மருத்துவர் சொல்லி வாங்கியது, அடிப்பகுதி தடித்தது. அதைக் கழற்றப் போனவர் என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு பையனைக் கூப்பிட்டு, ஒரு வாளித் தண்ணீரை அணியத்தில் ஊற்றச் சொன்னார். தண்ணீர் சாம்பல் பட்டைகள் வழியே ஓடி, குறுக்குப் பட்டையில் சற்றுத் தயங்கி, பழுப்பைக் கடந்து பின்புறத்து வடிதுளையை அடையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் தேங்கியது. "அங்க ஒரு நூல் அளவு தேய்ச்சு விடு" என்றார்.